முகமறியா மனிதருக்கு ஒரு பூட்டு

பூட்டு என்பது ஒருவகையில் துயரமான கண்டுபிடிப்பு. மனிதன் மனிதனை முழுவதும் நம்ப இயலாது என்னும் உண்மையை இரும்பில் வார்த்து வாயிற்கதவில் தொங்கவிட்டிருக்கிறோம். ஆயினும் அந்த இரும்புக்குள்ளேயே வேறொரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பூட்டைச் செய்தவரை நாம் நம்புகிறோம். மாற்றுச் சாவி ஒன்றைத் தமக்கென அவர் வைத்துக்கொள்ளவில்லை, உள்ளமைப்பில் குறை வைக்கவில்லை என்று நம்பித்தான் இரவில் கண்ணயர்கிறோம். கடைத்தெருவில் வாங்கிய பூட்டானால் செய்தவரின் பெயராவது அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். விலை கொடுத்திருக்கிறோம், குறை இருந்தால் கேட்க நமக்கு உரிமை உண்டு.

விலையே பெறாமல், முகமும் காட்டாமல், உலகத்தார் அனைவருக்கும் ஒருவர் பூட்டுச் செய்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துச் செல்பவர் யார், எந்தக் கதவில் மாட்டுகிறார், அக்கதவுக்குப் பின்னே உறங்குபவர் யார் என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. அத்தகைய கொடையாளிக்கு உள்ள பொறுப்பு என்ன? இலவசமாகத் தந்தேன் என்பதாலேயே அவர் பொறுப்பினின்று விடுபட்டுவிடுகிறாரா?

இக்கேள்வி கற்பனையில் பிறந்ததன்று. கணிப்பொறி உலகில் இத்தகைய பூட்டுகள் நாள்தோறும் கொடையாக வழங்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு, கொடையின் அறம் எத்தகையது என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

கதவுக்குப் பின்னே இருப்பவர்

கணிப்பொறிக்குக் கட்டளையிடுவதற்கென வகுக்கப்பட்ட மொழிகள் பல. அவற்றுள் ஒன்று பி.எச்.பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த இணையப் பக்கத்துக்காக 1994-இல் எழுதத் தொடங்கி, 1995-இல் எல்லாரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்ட சிறு கருவித் தொகுப்பே பின்னாளில் மொழியாக வளர்ந்தது. இன்று உலகின் இணையதளங்களில் பெரும்பகுதி இம்மொழியில் இயங்குகிறது. நம் பிள்ளைகள் புரட்டும் தமிழ் விக்கிப்பீடியாவும் இம்மொழியில் எழுதப்பட்ட மென்பொருளால் நடப்பதே. இது திறந்த மூல மொழி. அதாவது, அதன் உட்கட்டுமானம் முழுவதும் எவரும் படிக்கும்படி பொதுவில் வைக்கப்பட்டுள்ளது. எவரும் திருத்தம் சொல்லலாம். புதிய கூறுகளை எழுதி வழங்கலாம். ஏற்பதா மறுப்பதா என்பதை அம்மொழியைப் பேணுவோர் கலந்துபேசி, வாக்களித்து முடிவு செய்வர்.

அவ்வாறு வழங்கப்படும் கூறுகளுள் தனிப் பொறுப்புடையது மறையாக்கக் கூறு. திறவுகோல் உடையவர் தவிரப் பிறர் எவரும் படிக்க இயலாதவாறு ஒரு செய்தியை உருமாற்றுவதே மறையாக்கம். மருத்துவமனையில் பதிவான நோயின் பெயர், சேமிப்புக் கணக்கின் விவரம், பிரிந்து வாழும் மனைவி தாய்க்கு எழுதிய மடல் ஆகிய யாவும் இன்று இத்தகைய பூட்டுகளின் காவலில்தான் இருக்கின்றன.

இங்கே மூவர் உளர். கூறினை எழுதிக் கொடுப்பவர் முதலாமவர். அதை எடுத்துத் தம் மென்பொருளில் பொருத்தும் நிரலாளர் இரண்டாமவர். அம்மென்பொருளிடம் தம் இரகசியத்தை ஒப்படைக்கும் எளிய மனிதர் மூன்றாமவர். முதல் இருவருக்கும் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு. மூன்றாமவருக்கு அது இல்லை. தம் நோயின் பெயரை எந்தப் பூட்டு காக்கிறது என்பதை அவர் அறியார். அறிந்தாலும் அதன் தரத்தை அளக்க அவரால் இயலாது. பூட்டு உடைந்தாலோ, இழப்பு முதலில் அவருக்கே. மறையாக்கத்தைக் கொடையாகத் தருவதன் அறம் முழுவதும் இந்த மூன்றாம் மனிதரைச் சுற்றியே அமைகிறது என்பது நம் துணிபு.

ஏராளம் என்னும் குறை

பி.எச்.பி. மொழியில் நெடுங்காலம் புழங்கிவந்தது எம்கிரிப்ட் என்னும் மறையாக்கக் கூறு. அது தாராளமான கொடை. பழையனவும் புதியனவுமாகப் பல மறையாக்க முறைகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. வலிமையானதும் அங்கே இருந்தது. வலுவிழந்ததும் அதன் அருகிலேயே இருந்தது. எதை எடுப்பது என்பது நிரலாளரின் விருப்பம்.

இந்தத் தாராளத்தில்தான் தீங்கும் மறைந்திருந்தது. பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் ஆக்கிய ரைன்டால் என்னும் முறை, பல நாட்டவரும் பங்கேற்ற வெளிப்படையான போட்டியில் வென்று, 2001-இல் ஏ.இ.எஸ். என்னும் பெயரில் அமெரிக்க அரசின் தரமுறையாயிற்று. அதன் மிக வலிமையான வகையை 256 என்னும் எண்ணால் குறிப்பர். அது திறவுகோலின் நீளம். எம்கிரிப்டிலும் ரைன்டால் 256 என்றொரு பெயர் இருந்தது. அதை எடுத்தாண்ட நிரலாளர் பலர், அரசு தரமுறையாக ஏற்ற பூட்டையே மாட்டிவிட்டதாக எண்ணினர். ஆனால் இங்கே அந்த எண் குறித்தது, ஒரே வேளையில் உருமாற்றப்படும் துண்டின் அளவை. தரமுறையில் இடம்பெறாத வேறொரு வகை அது. பெயர்ச்சீட்டைப் படித்தவரே ஏமாந்தார் எனின், படிக்கவும் வாய்ப்பில்லாத மூன்றாமவர் நிலை என்ன?

இன்னொன்றும் உண்டு. நிரலாளர் தந்த திறவுகோல் வேண்டிய நீளத்துக்குக் குறைவாக இருந்தால், 2014-க்கு முற்பட்ட பதிப்புகளில் அக்கூறு குறைபடும் இடத்தை வெற்றுக்குறிகளால் தானே நிரப்பிக்கொண்டு வேலையை முடித்துத் தந்துவிடும். எச்சரிக்கை எதுவும் இராது. கதவு பூட்டியதுபோலவே தோன்றும்.

செய்தியைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே உருமாற்றும் எளிய வழியும் அதில் இருந்தது. அவ்வழியில், ஒரே துண்டு எங்கே வந்தாலும் ஒரே மறைவடிவமே கிட்டும். ஆதலால் பூட்டை உடைக்காமலே உள்ளிருப்பதை ஊகிக்கலாம். இவ்வழி எத்துணை ஆபத்தானது என்பதை 2013-இல் அடோபி நிறுவனத்தில் நிகழ்ந்த களவு உலகுக்குக் காட்டியது. அங்கே பயன்பட்ட கருவி வேறு, வழி இதுவே. களவுபோன கோடிக்கணக்கான பதிவுகளில், ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தோர் அனைவருக்கும் ஒரே மறைவடிவம் இருந்தது. அவர்கள் தம் நினைவுக்கென எழுதிவைத்த குறிப்புகளோ மறைக்கப்படாமல் பக்கத்திலேயே கிடந்தன. ஒருவர் எழுதிய குறிப்பு, முகமறியாத மற்றொருவரின் இரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது.

இவற்றில் தீய எண்ணம் எங்கே இருந்தது? எம்கிரிப்டை ஆக்கியோர் எவரையும் வஞ்சிக்க நினைக்கவில்லை. அதைப் பயன்படுத்தியோரும் தம் கடமையைச் செய்வதாகவே கருதினர். எனினும் தீங்கு விளைந்தது. தேர்ந்தெடுக்கும் அறிவு வாய்க்காதவர் கையில் தேர்வுரிமையைக் கொடுத்துவிட்டு, பிழை நேர்ந்தபின் அது உன்னுடையது என்று ஒதுங்கிக்கொள்வது அறமாகுமா? நஞ்சையும் மருந்தையும் ஒரே தட்டில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லும் மருந்துக் கடைக்காரரைத் தாராள மனத்தவர் என்று நாம் போற்றுவோமா?

உப்பின் பெயரால்

டேனியல் பெர்ன்ஸ்டைன், டான்யா லாங்கே, பீட்டர் ஷ்வாபே என்னும் மறையாக்க அறிஞர் மூவர் வேறுவழியில் சிந்தித்தனர். முறைகளைக் குவித்து வைப்பதைவிட, நன்கு தேர்ந்த ஒன்றிரண்டை மட்டும், தவறாகப் பயன்படுத்துவது கடினமாகும்படி அமைத்துத் தருவதே நலம் என்பது அவர்கள் கருத்து. அவர்கள் ஆக்கிய தொகுப்பின் பெயர்ச்சுருக்கம், சமையல் உப்பின் வேதியியல் குறியீடாக அமைந்தது. அதை உப்பு என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒலித்தனர். அதன் வழியில், பலவகைக் கணிப்பொறிகளிலும் எளிதில் நிறுவத்தக்கதாக ஃபிராங்க் டெனிஸ் என்பவர் 2013-இல் வெளியிட்டது லிப்சோடியம்.

இதைப் பி.எச்.பி. மொழியின் உள்ளுறுப்பாகவே ஆக்கிவிட வேண்டும் என்று முன்மொழிந்தவர் ஸ்காட் ஆர்சிஷெவ்ஸ்கி. முன்மொழிவு பொதுவில் விவாதிக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் வாக்கெடுப்பு முடிந்தபோது ஆதரவாக 37 பேர் வாக்களித்திருந்தனர். எதிராக ஒருவரும் இல்லை. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் வெளிவந்த 7.2 பதிப்பில் லிப்சோடியம் இடம்பெற்றது. அதே பதிப்பில் எம்கிரிப்ட் விடைபெற்றது. கொடுப்பவர் விரும்பியபடியே எல்லாம் நடந்துவிடவில்லை. கூறு தனியாக வழங்கிய காலத்தில் செயல்களுக்கு இட்டிருந்த பெயர்முறையை, மொழியின் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வீட்டுக்குள் வரும் விருந்தினர் காலணியை வாயிலில் கழற்றி வைப்பது போன்றது இது.

புதிய பூட்டின் இயல்பைப் பாருங்கள். ஒரே திறவுகோலால் மூடித் திறக்கும் அதன் வழக்கமான செயலுக்கு, திறவுகோல் சரியாக 32 பைட் நீளம் இருத்தல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது பணிசெய்ய மறுக்கும். குறையைத் தானே நிரப்பி மூடிமறைக்காது. மறைத்த செய்தியை இடையில் எவரேனும் சிறிதளவு மாற்றியிருந்தாலும் திறக்க மறுத்துவிடும். முன்னது பணிவோடு தவறுக்குத் துணைபோனது. பின்னது கண்டிப்போடு தவற்றைத் தடுக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். நிரலாளரின் தேர்வுரிமையைக் குறைப்பது அவரைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகாதா? விடுதலை உணர்வை அடித்தளமாகக் கொண்ட திறந்த மூல இயக்கத்துக்கு இது பொருந்துமா? மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் வல்லுநர்க்கு வேறு வழிகள் அம்மொழியில் இன்றும் திறந்தே உள்ளன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாறியது, அறியாதவர் முதலில் எட்டித் தொடும் பொருள் எது என்பதே. மேலும், இரண்டாமவரின் விடுதலைக்கு மூன்றாமவர் விலை கொடுக்கும்படி நேர்வதை விடுதலை என்னும் சொல்லால் மூட இயலாது. நல்ல கொடை, பெறுகிறவரின் தேவையை மட்டுமன்றி அவருடைய அறியாமையையும், அவசரத்தையும், களைப்பையும் கணக்கில் கொள்கிறது. வேலை முடிக்கும் நெருக்கடியில் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு எழுதும் இளைஞரையும் மனத்தில் வைத்துச் செய்த பூட்டே, கதவுக்குப் பின்னே உறங்குபவரைக் காக்கும்.

நல்லெண்ணம் போதுமா?

கொடையாளியிடம் கனிவு இருக்கிறது; அறிவும் இருக்கிறது. இவை போதுமா? போதா என்பதே மறையாக்க உலகம் பலமுறை கற்ற பாடம்.

டெபியன் என்னும் திறந்த மூல அமைப்பில் 2006-இல் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்போம். ஊகிக்க இயலாத எண்களை உண்டாக்கும் நிரலில் சில வரிகள் குறையுடையனபோல் ஒரு சோதனைக் கருவிக்குத் தோன்றின. பொறுப்பாளர் மற்ற வல்லுநரிடம் கேட்டார்; தடுத்துச் சொல்வார் எவரும் இல்லை. வரிகள் நீக்கப்பட்டன. அதன் விளைவாக, எண்ணற்றனவாக இருந்திருக்க வேண்டிய திறவுகோல்கள் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,768-ஆகச் சுருங்கின. பொறுமையுள்ள கள்வன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடக்கூடிய அளவு அது. 2008 மே மாதத்தில்தான் குறை கண்டறியப்பட்டது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறையாக்கத் தொகுப்புக்கு 2011 இறுதியில் வழங்கப்பட்ட ஒரு கூறிலோ, ஒரு நீளத்தைச் சரிபார்க்கும் வரி விடுபட்டிருந்தது. எழுதியவரும் காணவில்லை, ஏற்றுக்கொள்ளுமுன் படித்தவரும் காணவில்லை. 2014 ஏப்ரலில் அது வெளிப்பட்டபோது, உலகெங்கும் எண்ணற்ற இணையதளங்களின் இரகசியங்கள் அவ்விடைவெளி வழியே கசிந்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது. ஹார்ட்பிளீட் என அதற்குப் பெயரிட்டனர். குருதி வடியும் இதயம் என்னும் பொருளை நினைவூட்டும் பெயர்.

எண்ணம் தூயதாக இருந்தால் செயலும் தூயதாகிவிடும் என்று நாம் அடிக்கடி நம்பிவிடுகிறோம். மறையாக்கம் அந்த நம்பிக்கையை இரக்கமின்றி உடைக்கிறது. உணவில் உப்பு மிகுந்தால் நாவு உடனே சொல்லிவிடும். பூட்டில் குறை இருந்தால் எந்தப் புலனும் சொல்லாது. நன்றாக இயங்கும் பூட்டும், உள்ளே பழுதான பூட்டும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே பிறர் கண்களின் துணை இங்கே இன்றியமையாதது. ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் என்னும் அறிஞர் 1883-லேயே ஒரு நெறியை வகுத்தார். மறையாக்க முறை பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது. இரகசியம் திறவுகோலில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பூட்டின் அமைப்பு ஊரறியத் திறந்து கிடந்தும் பூட்டு உறுதியாக நிற்பதே உண்மையான உறுதி. திறந்த மூலத்தின் அறமும் மறையாக்கத்தின் அறமும் கைகோக்கும் இடம் இது.

தம் படைப்பை அந்நியர் துருவித் துருவி ஆராய விட்டுக்கொடுப்பது எளிதன்று. ஐயம் நம்மைப் புண்படுத்துகிறது. என்னையா ஐயுறுகிறீர் என்று உள்ளம் கொதிக்கிறது. ஆனால் இத்துறையில் ஆராய்ச்சி என்பது கொடையாளிக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது. மூன்றாமவருக்குச் செலுத்தும் மரியாதை அது. 2021 மார்ச் 28 அன்று, பி.எச்.பி. மொழியின் மூல நிரலில் மாற்றங்கள் இரண்டு நுழைந்தன. எழுத்துப்பிழைத் திருத்தம்போல் வேடமிட்டிருந்தன. அவற்றின்மேல் இருந்த பெயர்களோ, மொழியைத் தோற்றுவித்த லெர்டார்ஃபின் பெயரும், அதன் முதன்மை நிரலாளர் ஒருவரின் பெயரும். பெயர்கள் களவாடப்பட்டவை, உள்ளே இருந்தது கள்ளவழி. பெரியவரின் பெயர் இருக்கிறதே என்று வாளாவிருக்காமல் வரிவரியாகப் படித்துப் பார்த்தவர்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கண்டு நீக்கினர். பெயரைக் கண்டு பணியாமல் பொருளைக் கண்டு தெளிந்ததால், எத்தனையோ முகமறியா மனிதர் காக்கப்பட்டனர்.

கள்வன் கையிலும் அதே பூட்டு

மிகக் கடினமான கேள்விக்கு இப்போது வருகிறோம். எல்லாருக்கும் தரும் பூட்டு தீயவருக்கும் கிட்டுமே!

பில் ஜிம்மர்மன் என்னும் அமெரிக்கர், மின்மடல்களை மறைக்க உதவும் மென்பொருளை 1991-இல் இலவசமாக வெளியிட்டார். வலிமையான மறையாக்கத்தைப் போர்க்கருவிகளுள் ஒன்றாக அந்நாட்டுச் சட்டம் கருதிய காலம் அது. மென்பொருள் எல்லை தாண்டிச் சென்றது குறித்து 1993 முதல் அவர்மேல் விசாரணை நடந்தது. 1996 சனவரியில் குற்றச்சாட்டு எதுவுமின்றி முடிந்தது. மனித உரிமைக்காக உழைப்போர் அப்பூட்டால் காக்கப்பட்டனர். குற்றவாளிகளும் அதன் பின்னே ஒளிந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை.

நல்லவருக்கு மட்டும் திறக்கும் இரண்டாம் சாவி ஒன்றைச் செய்து அரசிடம் கொடுத்துவிடலாமே என்று சிலர் கூறுவர். கிரேக்க நாட்டில் 2004, 2005 ஆண்டுகளில் நிகழ்ந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கெனத் தொலைபேசி அமைப்பில் இருந்த வசதியை அடையாளம் தெரியாதோர் கைப்பற்றி, நாட்டின் பிரதமர் உள்ளிட்ட ஏறத்தாழ நூறு பேரின் பேச்சைக் கேட்டு வந்தனர். சாவிக்கு மனச்சான்று கிடையாது. எவர் கையில் இருக்கிறதோ அவருக்குப் பணிசெய்யும்.

இதனால் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். குழந்தைகளை வதைப்போரும் இத்தகைய பூட்டுகளின் பின்னே மறைகின்றனர். அவ்வுண்மை நெஞ்சைச் சுடுகிறது, சுடவும் வேண்டும். ஒரே செயலால் நாடிய நன்மையும் நாடாத தீமையும் விளையும்போது எப்படித் தீர்ப்பிடுவது என்பதைத் தற்காப்பு பற்றிய ஆய்வில் தோமா அக்குவினா சிந்தித்தார். அவ்வழியில் வந்த அறநூலார், விளையும் நன்மை தீமைக்கு ஈடானதா, தீமையைக் குறைக்கும் வேறு வழி உண்டா என்று கேட்கக் கற்பித்தனர். இரண்டு கேள்விகளையும் இங்கே கேட்டுப் பார்த்தால், வலுவற்ற பூட்டால் துன்புறுவோர் பெரிதும் எளியவரே என்பது புலனாகும். தீயவர் தமக்கென வேறு பூட்டைத் தேடிக்கொள்வர். வேறு பூட்டைத் தேடத் தெரியாதவரே கைவிடப்படுவர். எனவே பூட்டை எல்லாருக்கும் கொடுப்பதே தகும் என்கிறோம். ஆனால் மனச்சுமையின்றிக் கொடுக்கலாம் என்று சொல்லமாட்டோம். குற்றத்தைக் கண்டறியும் பணிக்கு வேறு வழிகளில் துணைநிற்கும் கடன் சமுதாயத்துக்கு அதனால் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

பெற்றவரின் கடன்

கொடுப்பவரின் கடனையே இதுவரை பேசினோம். பெற்றவருக்குக் கடன் இல்லையா?

ஹார்ட்பிளீட் வெளிப்பட்ட நாளில் உலகம் வியந்த செய்தி வேறொன்றும் உண்டு. பெரும் வணிக நிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அந்தத் தொகுப்புக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவரே. எம்கிரிப்டின் கதையும் ஏறத்தாழ இதுவே. அதற்கு ஆதாரமாக இருந்த மூலத் தொகுப்பின் கடைசி வெளியீடு 2007-ஆம் ஆண்டினது. அதன்பின் பத்தாண்டுகள் பேணுவாரின்றிக் கிடந்த அக்கிணற்றில் உலகம் நீர் இறைத்துக்கொண்டே இருந்தது. தூர்வாரியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் வாக்கு. உப்பின் பெயர் தாங்கிய இக்கொடைக்கு அவ்வாக்கு நன்கு பொருந்தும். நினைத்தல் என்பது நன்றிச் சொல்லோடு முடிவதன்று. நிரல் எழுதும் இளைஞர் நம் இல்லங்களில் இன்று பலர் உள்ளனர். குறை கண்டால் பழித்துவிட்டுப் போகாமல் முறைப்படி தெரிவிப்பதும், நேரம் வாய்த்தால் ஒரு வரியேனும் படித்துச் சரிபார்ப்பதும் அவர்கள் செலுத்தத்தக்க கடன். பள்ளியோ மருத்துவமனையோ நடத்துவோர், பிறரது விவரங்கள் தம் கணிப்பொறியில் எப்படிக் காக்கப்படுகின்றன என்று கேட்டறிவதும், காலம் கடந்த மென்பொருளைத் தாமதமின்றிப் புதுப்பிப்பதும் அவர்கள் கடன். நோயாளி தம் பெயரைப் பதிவேட்டில் எழுதத் தந்தபோது நம்பியது பூட்டை அன்று, நம்மை.

கொடுத்ததோடு கொடை முடிந்துவிடுவதில்லை. அறியாதவரும் தவறாமல் கையாளும்படி அமைக்கப்பட்டு, அந்நியர் கண்களால் ஆராயப்பட்டு, பெற்றவர்களால் பேணப்படும்போதே அது நிறைவு பெறுகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், நல்லெண்ணத்தில் பிறந்த பூட்டு வெறும் இரும்பாகத் தொங்கும். மூன்றும் கூடும் இடத்தில், எங்கோ ஓர் ஊரில், யார் செய்தார் என்று அறியாமலே, ஒரு மனிதர் தம் துயரத்தை ஒருவருக்கு மட்டும் எழுதிவிட்டு அச்சமின்றி உறங்கச் செல்கிறார். அவருடைய உறக்கமே அக்கொடையின் பயன்.